சிரிச்ச பதினேழு பேருக்கு

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நான் மறுபடி இங்க போடப் போறதில்ல. நேத்திலேர்ந்து எல்லார் டைம்லைன்லயும் சுத்திக்கிட்டுதான் இருக்கு, பாத்திருப்பீங்க. ஓடிபியைக் குடுத்து அக்கவுண்டைப் பறிகுடுத்த அக்காவோட பேரையும் போட்டோவையும் மறைக்கணும்னுகூடத் தோணல, அதைப் போட்ட தம்பிக்கு. "ஓடிபியை யாருக்கும் குடுக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்துறோம், இவங்கல்லாம் படிச்சவங்களாம்"னு ஆரம்பிச்சு ஒரு முழ நீளத்துக்குப் பதிவு, அதுக்குக் கீழ முந்நூத்திச் சொச்சம் சிரிப்பு எமோஜி. அதுல என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கறவங்க பதினேழு பேர். ஆமா, உக்காந்து எண்ணினேன். வேற வேலை இல்லையான்னு கேப்பீங்க, நேத்து ராத்திரி எனக்கு வேற வேலை ஓடலங்க.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அவ்வளவு நீளப் பதிவுல திருடினவனைப் பத்தி ஒரு வரி இருந்துச்சா? அக்கவுண்ட் போனதும் கதவைச் சாத்திக்கிட்ட அந்த சர்வீஸைப் பத்தி ஒரு வரி? பறிகுடுத்தவங்களைத்தான் நடு வீதியில நிக்க வச்சு வகுப்பு எடுத்திருக்கார்.

என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே சிரிச்சவங்களுக்காகச் சொல்றேன். மெசேஜ் வந்தது யாரோ முகம் தெரியாதவன்கிட்டேர்ந்து இல்ல, அக்காவோட சித்தி பொண்ணு அக்கவுண்ட்லேர்ந்து. அவளோடதைத் திருடன் ரெண்டு நாள் முன்னாடியே புடிச்சுட்டான், அது அப்ப யாருக்கும் தெரியாது. அதனால அதே போட்டோ, மேல அஞ்சு வருஷத்து சாட் அப்படியே இருக்கு, அவ எப்பவும் கூப்பிடற மாதிரியே "யக்கோவ்"னு ஆரம்பம், பழைய சாட்டைப் படிச்சுப் பாத்துட்டுத்தான எழுதறான். "ஒரு போட்டில இருக்கேன், ஓட்டு குறையுது, உனக்கு ஒரு நம்பர் வரும், அனுப்பிவிடுக்கா." அனுப்பிட்டாங்க, அக்காவோட அக்கவுண்டைத் திறக்கற ஓடிபி அது. தங்கச்சி கேட்டா அனுப்ப மாட்டீங்களா நீங்க? மனசுல கை வச்சுச் சொல்லுங்க.

"அந்த எஸ்எம்எஸ்லயே யாருக்கும் குடுக்காதீங்கன்னு போட்டிருக்குமே"ன்னு ஒரு மேதாவி கமெண்ட். போட்டிருக்குங்க, ரெண்டாவது வரில. ஃபோன்ல மேலேர்ந்து எட்டிப் பாக்கற நோட்டிஃபிகேஷன்ல முதல் வரிதான் தெரியும், அதுல ஆறு இலக்கம்தான் பளிச்சுனு நிக்கும். மெசேஜைத் திறக்கவே வேண்டாம், கீபோர்டே அந்த நம்பரை எடுத்து நீட்டுது, ஒரு தட்டு தட்டினா போய் உக்காந்துக்குது. படிக்காம தட்டற பழக்கத்தை நமக்குக் கத்துக் குடுத்ததே இந்த நிறுவனத்துக்காரங்க, அப்புறம் ஏன் படிக்கலன்னு கேக்கறதும் இவங்க.

இதைவிடக் கொடுமை அடுத்தது. அவன் உள்ள போய் மெயில் ஐடி, ஃபோன் நம்பர் எல்லாத்தையும் மாத்தினதும் அக்காவோட பழைய மெயிலுக்கு ஒரு தகவல் வந்திருக்கு. "உங்க மெயில் ஐடி மாத்தப்பட்டிருக்கு, இது நீங்க இல்லன்னா இந்த லிங்க்கை அழுத்துங்க." அக்கா அதைப் பாத்தாங்க. அழுத்தல. ஏன்னு கேட்டேன். "மெயில்ல வர்ற லிங்க்கை அழுத்தவே கூடாதுன்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

இப்ப சொல்லுங்க, அவங்க என்ன செஞ்சிருக்கணும்? அழுத்தவும் கூடாது, அழுத்தாமலும் இருக்கக் கூடாது. எது நிஜ லிங்க் எது போலின்னு ஒரு சாதாரண மனுஷி கண்டுபுடிக்கணுமாம். கண்டுபுடிக்கலன்னா படிச்சவங்களாம்னு நக்கல்.

சரி, அந்தந்த நிறுவனத்துக்காரங்களுக்காவது தங்களோட நிஜ லிங்க் எதுன்னு தெரியுமா? 2017ல ஈக்விஃபேக்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பெரிய கடன் தகவல் கம்பெனி, கிட்டத்தட்ட பதினாலே முக்கால் கோடி பேரோட விவரத்தைக் கோட்டை விட்டாங்க. அவங்க சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டையை அடைக்கற திருத்தம், அதான் பேட்ச், மார்ச் மாசமே வந்தாச்சு, போடல. போனப்புறம் ஜனங்க செக் பண்ணிக்கறதுக்குன்னு தனியா ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாங்க, அதோட முகவரியைப் பாத்தாலே ஃப்ராடு சைட் மாதிரி இருந்துச்சு. இதைச் சுட்டிக்காட்டறதுக்காகவே ஒருத்தர், முகவரில இருந்த வார்த்தைகளை முன்ன பின்ன மாத்திப் போட்டு ஒரு போலி சைட் செஞ்சு வச்சார். கம்பெனியோட அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்குலேர்ந்தே வாடிக்கையாளர்களுக்கு அந்தப் போலி லிங்க்கைக் குடுத்தாங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. நல்ல வேளை, செஞ்சவர் நல்ல மனுஷன். இவங்களை யாராச்சும் "படிச்சவங்களாம்"னு கேட்டாங்களா? அவங்க முன்னாள் தலைவர் விசாரணையில உக்காந்து, பேட்ச் போடச் சொல்லித் தகவல் சொல்ல வேண்டிய ஒரு ஆள் சொல்லலன்னு அந்த ஒரு ஆள் தலையில கட்டினார். எங்க போனாலும் கடைசில ஒரு ஆள் தலைதான் கிடைக்குது பாருங்க.

23 அண்ட் மீ கதை இன்னும் மோசம். எச்சிலைக் குடுத்தா டிஎன்ஏ பாத்து வம்சாவளி சொல்ற கம்பெனி. 2023ல வேற எங்கேயோ திருடின பாஸ்வேர்டுகளைக் கொண்டாந்து இங்க ஒண்ணொண்ணா போட்டுப் பாத்திருக்காங்க, சுமார் 14,000 அக்கவுண்ட் திறந்துக்கிச்சு. சரி, அந்தப் பதினாலாயிரம் பேர் ஒரே பாஸ்வேர்டை ரெண்டு இடத்துல வச்சது தப்புன்னே வைங்க. வெளிய போன தகவல் எத்தனை பேரோடது தெரியுமா? 69 லட்சம். சொந்தக்காரங்களைக் கண்டுபுடிச்சுக் காட்டற வசதின்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, ஒரு வீட்டுக் கதவைத் திறந்தா தெருவுல கிட்டத்தட்ட ஐந்நூறு வீட்டுக் கூடம் தெரியற மாதிரி. பாஸ்வேர்டை ஒழுங்கா வச்சிருந்தவங்களோடதும் சேந்து போச்சு. கேஸ் போட்டவங்களுக்குக் கம்பெனி வக்கீல் அனுப்பின பதில்ல, யூசர்கள்தான் கவனக்குறைவா பழைய பாஸ்வேர்டையே போட்டாங்கன்னு எழுதியிருந்தாங்க. அந்தத் தம்பியோட பதிவைப் படிச்சப்ப எனக்கு அந்த வக்கீல்தான் ஞாபகத்துக்கு வந்தார். வக்கீலுக்காவது ஃபீஸ் வந்திருக்கும், தம்பி இதை இலவசமா செய்றார்.

உடனே வருவீங்க தெரியும், "அப்ப யூசருக்குப் பொறுப்பே இல்லையா, கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கலாமா"ன்னு. பொறுப்பு இருக்குங்க. யார் இல்லன்னா? இதையே எத்தனை தடவை சொல்றது. ஆனா எவ்வளவு பொறுப்பு? டிராய் ஹன்ட் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க. உங்க மெயில் ஐடி எந்தெந்தத் திருட்டுல சிக்கியிருக்குன்னு பாத்துச் சொல்ற 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சைட்டை 2013ல ஆரம்பிச்சவர், உலகத்துக்கே பாடம் எடுக்கற ஆளு. 2025 மார்ச்சுல, அவரே ஒரு போலி மெயிலை நம்பி பாஸ்வேர்டையும் ஓடிபியையும் டைப் பண்ணிட்டார். தூரப் பயணம் போன அசதி. பாஸ்வேர்டையெல்லாம் சேத்து வச்சு நிரப்பித் தர்ற அவரோட பாஸ்வேர்ட் மேனேஜர் அந்தப் பக்கத்துல பாஸ்வேர்டைத் தானா நிரப்பல, முகவரி வேறன்னு அதுக்குத் தெரியும், அதைக்கூட அந்த நேரத்துல அவர் கவனிக்கல. சுமார் 16,000 பேரோட மெயில் லிஸ்ட் போச்சு. மறைக்காம அன்னிக்கே அவரே எழுதினார். அவருக்கு முந்நூறு சிரிப்பு எமோஜி போட்டுட்டு வாங்க, அப்புறம் அக்காகிட்ட வரலாம்.

"இலவசமா தர்றான், இதுல குறை வேற"ன்னு ஒரு கூட்டம் இருக்கு. அவங்களோட பேசவே அலுப்பா இருக்கு. பாதுகாப்புக்குன்னு கேட்டு வாங்கின ஃபோன் நம்பரையும் மெயில் ஐடியையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினதுக்காக ட்விட்டர் 2022ல 15 கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. இலவசமாம்.

என் சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. என்னோட பழைய மெயில், கல்யாணப் பத்திரிகையிலேர்ந்து முதல் வேலைக்கான ஆர்டர் வரைக்கும் அதுலதான் கிடக்கு. பாஸ்வேர்ட் எனக்கு நல்லா தெரியும். சரியாத்தான் போட்டேன். புது ஃபோன்ல திறக்கறீங்க, அதனால உங்க நம்பருக்கு கோட் அனுப்பறோம்னு சொல்லிடுச்சு, எந்த நம்பர்னா நான் ஆறு வருஷம் முன்னாடி விட்ட நம்பர். நாம விட்ட நம்பரைக் கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வேற வழியே காட்டல. சப்போர்ட்ல பேசலாம்னா மனுஷனே கிடையாது, தானா பதில் சொல்ற சாட்பாட் ஒண்ணு வந்து "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?"ன்னு கேக்குது, இல்லன்னு அழுத்தினா மறுபடி முதல் கேள்விக்கே போகுது.

கடைசில என்ன பண்ணேன் தெரியுமா? என் பழைய நம்பருக்கே ஃபோன் பண்ணேன். ஒருத்தர் எடுத்தார். "சார், உங்களுக்கு இப்ப ஒரு கோட் வரும், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா"ன்னு கேட்டு முடிக்கல, "எத்தனை பேருடா இப்படிக் கிளம்பியிருக்கீங்க"ன்னு ஆரம்பிச்சு அவர் திட்டின திட்டு இருக்கே. வச்சுட்டார். அவர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. என் சொந்த மெயிலைத் திறக்கறதுக்கு ஒரு திருடன் பேசற வசனத்தை வார்த்தை மாறாம நான் பேச வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். மெயில் இன்னும் பூட்டியேதான் இருக்கு.

அப்புறம் இந்த அறிவுரைங்க. நான் முன்ன இருந்த ஆபீஸ்ல நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்ட் மாத்தணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், ஒரு குறி. எல்லாரும் என்ன செஞ்சாங்க, மாசப் பேரைக் கடைசில சேத்துக்கிட்டாங்க. அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற தர நிர்ணய அமைப்பு 2003ல எழுதின ஆவணத்துலேர்ந்துதான் இந்த வழக்கமெல்லாம் பரவுச்சு, எழுதின பில் பர் ரிட்டயர் ஆனப்புறம் 2017ல அதுக்காக வருத்தம் தெரிவிச்சார். அதே வருஷம் நிஸ்ட்டும் காரணமில்லாம அடிக்கடி மாத்தச் சொல்லாதீங்கன்னு விதியை மாத்திடுச்சு. பதினாலு வருஷம் உலகத்தையே மண்டை காய வச்சுட்டு ஸாரி. எங்கம்மா பாஸ்வேர்டையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி பீரோவுல வச்சிருந்தாங்க, நாங்க எல்லாரும் சிரிச்சோம். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005லயே பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கங்கன்னுதான் சொல்லியிருக்கார். கண்காணாத இடத்துல இருக்கற ஹேக்கர் எங்கம்மா பீரோவைத் திறக்க வர மாட்டான். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்ப எனக்கே கூசுது.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிரச்சினையே, ஓடிபி இல்ல. இதை எழுதலாமா வேணாமான்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன், எழுதிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி "உங்கள் பார்சல் நிற்கிறது, முகவரி சரிபார்க்கவும்"னு வந்த மெசேஜை நானும் அழுத்தினேன். நிஜமாவே அன்னிக்கு ஒரு பார்சல் வர வேண்டியிருந்துச்சு. கார்டு நம்பர் போட்டேன், பின்னாடி இருக்கற மூணு இலக்கமும் போட்டேன், சுத்திக்கிட்டே இருந்த வட்டத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறப்பதான் வயித்துல ஏதோ புரட்டுச்சு. உடனே பேங்க்குக்கு ஃபோன் பண்ணியிருக்கணும். பண்ணல. நாப்பது நிமிஷம் பண்ணல. கேட்டா என்ன சொல்றது, மத்தவங்களுக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளு நீயான்னு பக்கத்துல இருக்கறவங்க கேப்பாங்களேன்னு பாத்ரூம்ல நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த நாப்பது நிமிஷத்துல ரெண்டு தடவை பணம் போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் வீட்ல யாருக்கும் தெரியாது, இப்ப தெரிஞ்சுடும்.

அக்காவும் அதேதான். உடனே சொல்லியிருந்தா அவங்க லிஸ்ட்ல இருக்கற நாலு பேராவது தப்பிச்சிருப்பாங்க. அவங்க சொல்லாம இருந்தது ஒரு நாள் முழுக்க. யாருக்கு பயந்து? அவனுக்கா? உங்களுக்குத்தாங்க. அந்த பதினேழு பேருக்கு.

"நாலு பேர் பாத்துத் திருந்தட்டும்னுதான் போட்டேன், தனிப்பட்ட முறையில எதுவும் இல்ல"ன்னு தம்பி இன்பாக்ஸ்ல சொன்னார். நல்லது தம்பி. பேரை மறைச்சுட்டுப் போட்டிருந்தாலும் நாலு பேர் திருந்தியிருப்பாங்க.

நேத்து நைட் அக்காகிட்ட பேசினேன். பதிவைப் பத்தி அவங்க ஒண்ணும் கேக்கல. பதினோரு வருஷத்து போட்டோ அதுல இருக்கே, அதெல்லாம் அழிச்சிருப்பானான்னுதான் கேட்டாங்க. ரெண்டாவது தடவையும் அதேதான் கேட்டாங்க. நான் பாக்கறேன்க்கான்னு சொன்னேன். சர்வீஸ்காரங்க ஃபார்ம்ல 48 மணி நேரத்துல பதில் வரும்னு போட்டிருக்கு, இன்னிக்கு ஒன்பதாவது நாள்.

கமெண்ட்ல வந்து "பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்"னு எழுதற முதல் ஆளை ப்ளாக் பண்ணுவேன். சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.