சபாக்களுக்கு மட்டுமே அரசுப் பணமா? ஒரு திருத்தம்

கலைக்கென அரசு ஒதுக்கும் பணம் முழுவதும் மயிலாப்பூரில் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்தும் சபாக்களுக்கே போகிறது, வடசென்னைப் பறையிசைக் கலைஞர்களுக்கென ஒரு திட்டமும் கிடையாது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. அந்தச் சபாக்களின் மார்கழிக் கச்சேரிகள் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு, உறுப்பினர் சந்தா, விளம்பரதாரர் பணம் ஆகியவற்றால் நடப்பவை. கலைமாமணி விருது வழங்கும் இயல் இசை நாடக மன்றம் ஒருபுறமிருக்க, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்றே 2007-இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டவர்கள் பிள்ளைகளின் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை கோரலாம். புளியந்தோப்பில் இறுதி ஊர்வலத்துக்கு முன் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருக்கும் கலைஞருக்கு இந்தச் செய்தி போய்ச் சேராதிருப்பதுதான் குறை, அதுவும் பெருங்குறை என்றே கருதுகிறேன். திட்டமே இல்லை என்று நாம் எழுதினால், விண்ணப்பிக்க நினைப்பவரும் பின்வாங்கிவிடுவார்.