பேரை எடுத்தா மட்டும் போதாதுங்க
கூகுள் டிரைவ்ல ஷேர் லிஸ்ட்ல இருந்து ஒருத்தரோட பேரை எடுத்துட்டா அவரால இனி அந்த ஃபைலைத் திறக்கவே முடியாதுன்னு நிறைய பேர் திரும்பத் திரும்பச் சொல்றதால இதை எழுதுறேன். பாதிதான் சரிங்க.

பேர் லிஸ்ட் வேற, அதுக்குக் கீழ இருக்கிற ஜெனரல் ஆக்சஸ் (லிஸ்ட்ல இல்லாதவங்க திறக்கலாமா வேணாமாங்கிற செட்டிங்) வேற. அது 'எனிஒன் வித் த லிங்க்'னு இருந்தா பேரை எடுத்தாலும் பழைய லிங்க் அவர் மெயில்லயோ சாட்லயோ கிடக்கும்ல, அதை அழுத்தினா ஃபைல் பாட்டுக்குத் திறக்கும், ஏன்னா அங்க யாருன்னே பாக்குறதில்ல, லிங்க் கையில இருந்தா போதும். அதை 'ரெஸ்ட்ரிக்டட்'னு, அதாவது லிஸ்ட்ல இருக்கிறவங்க மட்டும்னு மாத்தினாதான் லிஸ்ட்டுக்கே அர்த்தம். (முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா அதுக்கு எந்த செட்டிங்கும் உதவாது, அது வேற கதை.)

என்னை நம்ப வேணாம், நீங்களே பாருங்க: லிங்க்கை காப்பி பண்ணி, பிரவுசர்ல இன்காக்னிட்டோ விண்டோ (உங்க லாகின் எதுவும் இல்லாத தனி விண்டோ) திறந்து, லாகின் பண்ணாம அங்க போடுங்க. ஃபைல் திறந்தா லிங்க் இன்னும் ஓப்பனாத்தான் இருக்கு, லாகின் கேட்டுச்சுன்னா பூட்டியாச்சு. முன்னாடி நானும் பேரை மட்டும் எடுத்துட்டு நிம்மதியா இருந்தவன்தான்.