ஓம், ஆற்றில் மிதந்தேன்தான்

போன ஞாயிறு நான் முகப்புத்தகத்தில் போட்ட, ஆற்றில் மிதக்கிற படத்தைப் பற்றித்தான். கொமென்ற் பக்கம் போய் வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "ஊரில சனம் படுற பாடு தெரியாமல் இவ அங்க ஆத்தில மிதக்கிறா" என்று ஒரு அண்ணர் எழுதியிருந்தார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர். பேசாமல் விடு என்று வீட்டுக்காரர் சொன்னார். விட முடியவில்லை.

சரி, மிதந்தேன். சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கிறவர்கள் கோடையில் செய்கிற வேலை அது. வெயில் காலத்தில் இந்த ஊர்ச்சனம் காலையில் எழும்பினால் வானத்தைப் பார்க்காது. ஆரே ஆற்றுத் தண்ணீர் இன்றைக்கு எத்தனை பாகை என்றுதான் பார்க்கும். 18 என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். 21 என்றால் மத்தியானத்துக்குப் பிறகு கந்தோரில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். ஆற்றங்கரையில் இருக்கிற மார்சிலி குளிப்பிடத்தில் உடுப்பை மாற்றி, தண்ணீர் புகாத பையில் சாமானைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, கரையோரமாக ஐக்கோல்ஸ் வரை மேலே நடக்க வேண்டும். அங்கே இறங்கினால் மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். காதைத் தண்ணீருக்குள் வைத்தால் அடியில் கூழாங்கற்கள் உருண்டு போகிற சத்தம் கேட்கும், தாச்சியில் கடுகு வெடிக்கிற மாதிரி, ஆனால் நிற்காமல். நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் நாடாளுமன்றத்தின் பச்சைக் குவிமாடம்.

இதற்கு என்ன செலவு? சதம் இல்லை. மார்சிலிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், சும்மா. இந்த நாட்டில் சும்மா கிடைக்கிற நாலைந்து சாமானில் அதுவும் ஒன்று.

இப்போது இதைக் கேளுங்கள். போன வருசம் இதே முகப்புத்தகத்தில் ஒரு சாமத்திய வீட்டுப் படங்கள் வந்தன. பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள், வெள்ளைப் புகை விட்டார்கள், மேலே ட்ரோன் பறந்தது. மண்டபம், சாப்பாடு, வீடியோ எல்லாம் சேர்த்தால் எத்தனை ஆயிரம் பிராங் போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குக் கீழே இதே அண்ணர் என்ன எழுதினார்? "அருமை, வாழ்த்துகள்", பக்கத்தில் கும்பிடுகிற கை மூன்று. அன்றைக்கு ஊர்ச்சனம் படுகிற பாடு அவருக்கு ஞாபகம் வரவில்லை. கடன்பட்டுக் கொண்டாடினால் கௌரவம், காசில்லாமல் சந்தோசப்பட்டால் திமிர். இதுதானே கணக்கு?

"காசைப் பற்றி இல்லை அக்கா, ஊரை மறந்திட்டியள் எண்டதுதான்" என்று இன்பொக்ஸில் ஒரு தம்பி. மாதம் பிறந்தால் முதல் போகிற காசு எங்கே போகிறது என்று என் தங்கச்சியிடம் கேளுங்கள். அவளுடைய மகன் படிக்கிற படிப்பு யாருடைய கையால் நடக்கிறது என்றும் கேளுங்கள். பாருங்கள், இதையெல்லாம் எழுத வைத்துவிட்டீர்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவள் என்ற பெயரும் இனி வரும். வரட்டும்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். விடியக்காலை ஏழு மணிக்குள் உடுப்பு மாற்றி நிற்க வேண்டும். ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, நாரி விட்டுப்போகிற வேலை. அந்தப் படங்களை நான் போடுவதில்லை, போடவும் முடியாது. அதனால் நீங்கள் பார்ப்பது ஆற்றுப் படம் மட்டும்தான்.

உடுப்பைப் பற்றி எழுதிய பெருமக்களுக்குப் பதில் இல்லை. கணுக்கால் வரை நீச்சல் உடைதான் போட்டிருந்தேன், அதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய? அதே படத்தில் என் மனுசன் வெறும் மேலோடு நிற்கிறார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கொஞ்சம் உறைத்தது. அகதி முகாமில் விசாவுக்குக் காத்திருக்கிற ஒரு பெடியன், "உங்கட படங்களைப் பார்க்க வயிறெரியுது அக்கா" என்று எழுதியிருந்தான். கோபமாக இல்லை, சும்மா உண்மையைச் சொன்ன மாதிரி. தம்பி, மார்சிலி வாசலில் உன் அகதி விசா N காட்டா F காட்டா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். வா. வேற என்ன சொல்ல?

என் சித்தப்பாவின் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று விளங்கும். எண்பதுகளின் நடுவில் வந்தவர். பேர்ணின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 1983இல். எங்களுக்கு 83 என்றால் வேறு ஞாபகம், இலங்கையின் கறுப்பு யூலை. அந்த ஞாபகத்தோடு வந்த மனுசன், அந்தப் பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு றெஸ்ரோறன்றின் நிலவறைக் குசினியில் கோப்பை கழுவினார். 1405இல் நகரம் எரிந்த பிறகு மரத்தை விட்டுக் கல்லில் கட்டிய வீடுகள், கடைசி ட்ராமுக்கு ஓடுகிறபோது இருட்டில் தெரிந்த சுவர்கள் அவருக்கு. மணிக்கூட்டுக் கோபுரத்தில் பொம்மைகள் ஆடுவதைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து சனம் வருகிறது. இவருக்கு அது வேலைக்குப் பிந்திவிட்டதா என்று பார்க்கிற மணிக்கூடு.

"அடுத்த வருசம் ஊருக்குப் போயிடுவம்" என்பார், ஒவ்வொரு வருசமும். ஊரில் மாடி வைத்து வீடு கட்டினார். திறப்பு பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கிறது. இவர் இங்கே கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறார். போன ஞாயிறு எடுத்த வீடியோவை அவருக்கும் காட்டினேன். "தண்ணி நல்ல குளிரோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் வேலை செய்த இடத்திலிருந்து ஆரே பத்து நிமிச நடை. ஒரு நாளும் கால் நனைக்கவில்லையாம்.

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் போட்ட அத்திவாரத்தில்தான் நாங்கள் வந்து இறங்கினோம். ஆனால் அதே மாதிரி நானும் வாழ்ந்தால்தான் ஊர்ப்பற்று என்றால், மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால் முடியாது. சந்தோசத்தை எல்லாம் கட்டி வைத்து, ஒரு நாள் ஊருக்குக் கொண்டுபோய் அவிழ்க்கிறதற்கு அது என்ன சூட்கேசா?

"வெள்ளைக்காரன் மாதிரி நடிக்கிறியள்." நடிக்கவில்லை. ஞாயிறு காலையில் ஐரோப்பா பிளாட்ஸ் கோயிலில் ஞானலிங்கேச்சுரரைக் கும்பிட்டுவிட்டு, பின்னேரம் ஆற்றில் இறங்கியவள்தான் நான். கோயில் படத்துக்கும் விருப்பம் போட்டிருந்தீர்கள். அதே நாள், அதே மனுசி.

அண்ணருக்கு ஒன்று. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கோடைக்கு எந்த ஏரியில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் படம் போடுவதில்லை, அவ்வளவுதான். சரி, பிள்ளைகளை இதுக்குள் இழுக்கக்கூடாது, விடுவோம்.

கொமென்றை அழிக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை கூட வரக் கேட்டவர்களுக்கு: நன்றாக நீந்தத் தெரியாதவர்கள் இறங்க வேண்டாம், கரையில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள். மேலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும், உள்ளே இழுவை பொல்லாதது. மார்சிலியில் சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறிவிட வேண்டும். தவறவிட்டால் கீழே அணைக்கட்டு. மழை பெய்து ஆறு கலங்கினால் இறங்க மாட்டோம். பழைய நகரத்தில் கிட்டத்தட்ட 6 கிலோமீற்றர் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, நனையாமல் நடந்துபோய்க் கோப்பி குடிப்போம். அதற்கும் படம் போடுவேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று அண்ணர் இப்போதே யோசித்து வைக்கலாம்.