டிசம்பர் 5

பத்தாம் வகுப்பில் "உலகப் போரும் பெண் விடுதலையும்" என்று பேசி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் ஆலைக்கு வந்தார்கள், ஓட்டுரிமை கிடைத்தது, நன்றி வணக்கம். மூன்றே நிமிடத்தில் விடுதலை. டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது, மூடிதான் சரியாக மூடாது. போன வாரம் மகள் கிட்டத்தட்ட அதே தலைப்பில் கட்டுரை எழுத உதவி கேட்டாள். பழைய பேச்சை அப்படியே சொல்லிக்கொடுக்க வாய் வரவில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1915இல் பீரங்கிக் குண்டுக்குத் தட்டுப்பாடு. அரசாங்கம் வெடிமருந்துக்கென்றே ஓர் அமைச்சகம் தொடங்கி, புது ஆலைகள் கட்டி, ஆள் போதாமல் பெண்களைக் கூப்பிட்டது. அதுவரை பணக்கார வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவளுக்குக் கையில் நாலு காசு, மாலையில் தனக்கென்று கொஞ்சம் நேரம். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அவர்கள் தொட்டு வேலை செய்தது டி.என்.டி. என்ற வெடிமருந்தை. 1863இல் ஜெர்மனியில் முதன்முதலில் அதைச் செய்தபோது மஞ்சள் சாயமாகத்தான் பயன்படுத்தினார்கள். வெடிக்கும் என்பது பிறகுதான் பிடிபட்டது. அரை நூற்றாண்டு கழித்து அது தன் பழைய தொழிலைக் காட்டியது, இந்த முறை பெண்களின் தோலில். முகமும் கையும் மஞ்சள், முன்முடி செம்பட்டை. கேனரி என்ற மஞ்சள் குருவியை வைத்து ஊர் அவர்களைக் 'கேனரிப் பெண்கள்' என்று கூப்பிட்டது. சிலருக்குப் பிறந்த குழந்தையும் மஞ்சளாகவே பிறந்தது. நமக்கு மஞ்சள் மங்கலம். இது ஈரலைத் தின்ற மஞ்சள். காமாலை கண்டு இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல். லீட்ஸுக்குப் பக்கத்தில் பார்ன்போ ஆலையில், பால் விஷத்தை முறிக்கும் என்று நம்பிக் குடிக்கக் கொடுத்தார்கள். அதற்காகவே ஆலைக்குச் சொந்தமாக மாட்டுப் பண்ணை. குண்டு செய்வதில் அவ்வளவு தூரம் போன விஞ்ஞானம், செய்கிறவளைக் காப்பாற்ற வைத்திருந்தது ஒரு டம்ளர் பால்!

அதே பார்ன்போ. 1916 டிசம்பர் 5, இரவு 10 மணி தாண்டியிருந்தது. 42ஆம் எண் அறையில் இரவு ஷிப்ட். தலையில் ஹேர்பின் இருக்கக்கூடாது, தீப்பெட்டி கூடாது, காலில் ரப்பர் அடி போட்ட செருப்புதான். அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸைப் பொருத்தும் இடத்தில் ஒரு குண்டு வெடித்துவிட்டது. 35 பெண்கள் செத்தார்கள். கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டை வைத்துத்தான் பலரை யாரென்று கண்டுபிடிக்க முடிந்தது. தணிக்கை இருந்ததால் பத்திரிகையில் 'விபத்தில் இறந்தார்' என்று சின்னச் சின்ன மரண அறிவிப்புகள் மட்டும். உடல்களை எடுத்த பிறகு, அதே அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள்.

இப்போது பிரஸ்டன் நகரம். ரயில் எஞ்சினும் டிராமும் செய்துகொண்டிருந்த டிக், கெர் கம்பெனியும் போரில் குண்டுக்கு மாறியிருந்தது. இடைவேளையில் பந்து உதைத்த பெண்கள் ஓர் அணியானார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட ஆடிய ஆட்டத்துக்கே 10,000 பேர். 1920 டிசம்பரில் ராணுவத்தின் தேடுவிளக்குகளை வாங்கி, பந்துக்கு வெள்ளையடித்து இரவிலும் ஆடினார்கள். அனுமதி கொடுத்தவர் போர் அமைச்சர் சர்ச்சில். அதே மாதம் 26ஆம் தேதி, லிவர்பூல் குடிசன் பார்க்கில் 53,000 பேர். இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் தனி.

அடுத்த வருஷம், 1921, மறுபடியும் டிசம்பர் 5. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல, சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் அவர்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. பார்ன்போ வெடித்து நாள் பிசகாமல் ஐந்து வருஷம். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்தத் தேதியைத் தாண்டிப் போக முடியவில்லை. டி.என்.டி.யைத் தாங்கிய உடம்பு பந்தைத் தாங்காதாம். தடை நீங்கக் கிட்டத்தட்ட 50 வருஷம் ஆனது.

மைதானத்துக்கு முன்பே ஆலைக் கதவை மூடியாகிவிட்டது. போருக்கு முந்தைய தொழில் நடைமுறைகளை மீட்டுத் தருவதாகத் தொழிற்சங்கங்களுக்குக் கொடுத்த வாக்கை 1919இல் சட்டமாக்கினார்கள். ஆண்கள் பார்த்த வேலை ஆண்களுக்கே. சரி, உயிரோடு திரும்பிய சிப்பாய்க்கும் வேலை வேண்டும்தான். அதே வருஷம் வந்த இன்னொரு சட்டத்தால் பெண்கள் வக்கீலாக முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது குண்டு நிரப்பியவளுக்குத் திறந்த கதவா? ஓட்டும் அப்படித்தான். 1918இல் 30 வயது நிரம்பியவர்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு. 21 வயதில் ஆணுக்குச் சமமான ஓட்டு 1928இல்தான்.

பிரிட்டனுக்கு வெளியே ஒரே ஒரு உதாரணம். பிரான்சில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனார், சுமார் 150 பெண்களைப் பழக்கினார். 1911இல் அவரைச் சேர்க்க மறுத்த அறிவியல் அகாதெமி, அதற்குப் பிறகும் சேர்க்கவில்லை. அங்கே முதல் பெண் முழு உறுப்பினர் வந்தது 1979இல்.

இந்தப் பெண்களின் கதை, விசேஷ வீட்டுக்கு இரவல் வாங்கிய அண்டா மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. பந்தி முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். "அந்த டீம் அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்றாள்.

கிடைத்த இடங்களில் ஆடினார்கள். 1922இல் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். எதிர்த்து ஆட அங்கே பெண்கள் அணி இல்லை, ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். சில ஆட்டங்களில் ஜெயிக்கவும் செய்தார்கள். அணியில் இருந்த லில்லி பாருக்கு அப்போது 17 வயது.