இரண்டு நிமிட மௌனம், இரண்டாம் பீரியட் டெஸ்ட்

டீச்சர் இறந்த மறுநாளே டெஸ்ட் வைத்த அந்தப் பள்ளி விவகாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். சுற்றறிக்கையின் ஸ்க்ரீன்ஷாட் உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். நானும் ஒரு டீச்சர் என்ற முறையில், பள்ளியைத் திறந்து வையுங்கள், பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்று நேற்று நாலு வரி எழுதிவிட்டு ஒதுங்கத்தான் நினைத்தேன். கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்த பிறகு முடியவில்லை.

காலையில் பள்ளிக்கு வரும் வழியில் லாரி மோதி கணக்கு டீச்சர் இறந்துபோகிறார். மறுநாள் பிரேயரில் இரண்டு நிமிட மௌனம். இரண்டாம் பீரியட் ரிவிஷன் டெஸ்ட், "ஏற்கெனவே அறிவித்தபடி". பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் தவிர யாரும் பேச முடியாதபடி பூட்டு. "மாணவர்கள் முன்னிலையில் இதுகுறித்துப் பேசுவதை ஆசிரியர்கள் தவிர்க்கவும்" என்று ஒரு வரி. அழுத பிள்ளைகளை சிக் ரூமுக்கு அனுப்பினார்களாம். அழுகை என்ன காய்ச்சலா, சிக் ரூமில் படுக்க வைக்க?

நான் சொல்வது ஒன்றுதான். சாவைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியர், அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். அழுகிறவர்கள் அழட்டும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். ஒன்றும் பேசாமல் இருக்கிற பிள்ளையையும் கவனியுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், அனுமதி வேண்டாம், கருவி வேண்டாம். மனசு இருந்தால் போதும்.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்? பிணத்தை எடுக்கும்வரை தெருவில் பல வீடுகளில் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து காபித் தண்ணி வரும், சோறு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த வருஷம் அந்த வீட்டில் தீபாவளி கிடையாது. இவ்வளவும் தெரிந்த நாம்தான் பள்ளிக்கூட கேட்டுக்குள் போனதும் இரண்டு நிமிடம் கண்ணை மூடிவிட்டு வினாத்தாளைக் கொடுக்கிறோம். பிள்ளைகள் ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இருக்கிற இடம் அது. அவர்களுக்கு அதுவும் ஒரு வீடுதான். அந்த வீட்டில் கேதம் விழுந்தால் கேதம் என்றே நடத்துங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் காலாண்டு விடுமுறையில் எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏரியில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். பள்ளி திறந்த அன்று மேலிருந்து வந்த யோசனை: "அவன் உட்கார்ந்த பெஞ்சை மாற்றிப் போட்டுவிடுங்கள். வகுப்பில் பேச்சே எடுக்க வேண்டாம்." பெஞ்சை மாற்றலாம், சரி. வருகைப் பதிவேட்டை என்ன செய்வது? பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அவன் பெயர் வரும் இடம் வந்ததும் தாண்டி, அடுத்த பையனைக் கூப்பிட்டேன். அவன் எழுந்து நின்றான். "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதிவேட்டை மூடிவிட்டு நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அப்புறம் அவர்கள் கேட்டார்கள். "தண்ணிக்குள்ள ரொம்ப வலிச்சிருக்குமா டீச்சர்?" "அவன் பேரை சிவப்பு மையால அடிச்சிருவீங்களா?" "அவங்க அம்மா இன்னிக்கு சாப்பிட்டாங்களா?" கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் வாயே திறக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என்னிடம் வந்தான். பையிலிருந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து நீட்டினான். இறந்தவனுடையது. பரீட்சை கடைசி நாளன்று அதற்காக இரண்டு பேருக்கும் சண்டை. "நான் அவனைச் செத்துப்போடான்னு திட்டிட்டேன் டீச்சர்" என்றான். விடுமுறை முழுக்க அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. நீ திட்டியதால் யாரும் சாக மாட்டார்கள் கண்ணு, ஏரியில் பள்ளம் இருந்தது, அதனால்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று மட்டும் இல்லை, அதன் பிறகும் பல தடவை.

பேச்சே எடுக்க வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் கேட்கிறேன். அந்தப் பையன் யாரிடம் போயிருப்பான்?

"சின்னப் பிள்ளைகள் மனசு பாதிக்கும்" என்கிறார்கள். ஐயா, பிள்ளைகளுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். விபத்து நடந்த இடத்தின் படம் அவர்கள் வீட்டு போனில் இருக்கிறது. ரத்தத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்தவர்களிடம் பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பா? தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சின்ன வகுப்புக்காரர்களிடம் சொல்லவே சொல்லாதீர்கள். ராத்திரி கண்ணை மூடவே பயப்படுவார்கள்.

"இதெல்லாம் கவுன்சிலர் வேலை, டீச்சருக்கு என்ன தெரியும்?" இதில் பாதி நியாயம் இருக்கிறது. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், தானும் போய்விடுகிறேன் என்று பேசுகிற பிள்ளையை மனநல மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 முதல் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. ஆனால் முதல் நாள் காலையில் வகுப்பில் நிற்கப்போவது கவுன்சிலர் இல்லை, நாங்கள்தான். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் கடலோர ஊர்களில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும்தான் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளை வரைய விடு, விளையாட விடு, பேசினால் கேள் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவி வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது: பார், கேள், உதவியோடு சேர்த்து விடு. பேச விரும்பாதவரைப் பேசு பேசு என்று நோண்டாதே என்றும் அதிலேயே இருக்கிறது. நானும் யாரையும் நோண்டச் சொல்லவில்லை.

போர்ஷன் முடியாது என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டெஸ்ட்டை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16, சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ, கூரை வேய்ந்த வகுப்புகள், 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையை எடுத்தார்கள், விசாரணை கமிஷன் வந்தது, பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. எல்லாம் வேண்டியதுதான். ஒவ்வொரு ஜூலை 16-ம் தேதியும் பெற்றோர்கள் இன்றும் அந்தப் பள்ளி வாசலில் படத்துக்கு முன்னால் பலகாரமும் பூவும் வைத்து அழுகிறார்கள். தீயிலிருந்து தப்பிய பிள்ளைகளும் இருந்தார்களே, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இல்லாமல் அடுத்த நாள் முதல் எப்படிப் படித்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? 2009-இல் வேதாரண்யம் பக்கம் பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்தது. பிள்ளைகளோடு, அவர்களைக் காப்பாற்றப் போன ஆசிரியையும் போய்ச் சேர்ந்தார். 2022-இல் கள்ளக்குறிச்சி பக்கம் கனியாமூரில் ஒரு மாணவி இறந்தபோது யார் குற்றவாளி என்று ஊரே சண்டை போட்டது, பள்ளியைச் சூறையாடி பஸ்களைக் கொளுத்தினார்கள். கூடப் படித்த பிள்ளைகள் எந்த விவாதத்தில் வந்தார்கள்?

இனி அந்த கமெண்ட்டுக்கு வருகிறேன். "டீச்சர்களுக்கு லீவு வேண்டும் என்றால் நேரடியாகக் கேளுங்கள், செத்தவங்களை வைத்து அரசியல் பண்ணாதீங்க." அறுபது பேருக்கு மேல் லைக் போட்டிருக்கிறார்கள். அதில் என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நான் லீவு கேட்கவே இல்லை. பள்ளியைத் திறந்து வையுங்கள், பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அந்தக் கணக்கு டீச்சரோடு தினமும் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் அந்த ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார்கள். ஜி.எச். பிணவறை வாசலில் இரவு முழுக்க நின்றவர்கள், டீச்சரின் புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்தவர்கள் காலையில் வந்து அந்த டெஸ்ட்டுக்குச் சூப்பர்வைஸ் பண்ணினார்கள். யாராவது அவர்களிடம் "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டீர்களா? கொரோனாவில் எங்கள் ஒன்றியத்தில் போன ஆசிரியர்களுக்குப் பள்ளிகளில் ஒரு இரங்கல் கூட்டம்கூடச் சரியாக நடக்கவில்லை. போன மாதம் ஓய்வு பெற்றவருக்குச் சால்வை போட்ட அதே கைகளால் இந்த மாதம் மாலை வாங்கிக்கொண்டு போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து ஆப்பில் வருகையைப் பதிவேற்றியிருக்கிறோம். எங்களுக்கு அழுகை வராது என்று யார் உங்களிடம் சொன்னது? பிள்ளைகள் முன்னால் நாங்கள் கண் கலங்கினால் ஒழுங்கு கெட்டுவிடுமாம். டீச்சரும் அழுவார் என்று பார்த்த பிள்ளைதான் தானும் அழலாம் என்று தெரிந்துகொள்ளும்.

சனிக்கிழமை அங்கே பெற்றோர் கூட்டமாம். போகிறவர்கள் தயவுசெய்து மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பிள்ளைகளிடம் யார் சொன்னது, என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். டீச்சர் வீட்டுக்குப் போக விரும்பிய பிள்ளைகளைக் கூட்டிப் போனீர்களா என்று கேளுங்கள். டீச்சரின் மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காரியம் முடிந்து அவள் வகுப்புக்குத் திரும்பி வரும் நாளில் அவள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.