ஊராலியாவுக்குப் பட்ட கடன்

அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் தசைகளைத் தளர்த்திவிட்டு, அவருடைய மூச்சைக் கருவியின் பொறுப்பில் விடுவது இன்று அன்றாட வழக்கமாகிவிட்டது. அதன் தொடக்கக் காலத்தில் ஒரு பெட்டைக்கழுதை நிற்கிறது என்பதை அறிந்த நாள்முதல், அந்த விலங்கின் பெயரை வசைச்சொல்லாக என்னால் பயன்படுத்த முடியவில்லை.

தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே நஞ்சை, கயானாவுக்குப் பயணம் போன ஆங்கிலேய இயற்கையியலாளர் சார்லஸ் வாட்டர்டன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1814இல் லண்டனில் அது கழுதைகளின் உடலில் செலுத்தப்பட்டது. ஒரு கழுதை சில நிமிடங்களில் இறந்தது. இன்னொன்றின் காலில் இறுகக் கட்டுப்போட்டு, கட்டுக்குக் கீழே நஞ்சைச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரம் வழக்கம்போல நடந்து, இரையும் தின்ற அந்தக் கழுதை, கட்டை அவிழ்த்ததும் இறந்தது. மூன்றாவது கழுதை மூச்சடங்கி விழுந்தபோது, அதன் மூச்சுக்குழாயைக் கீறித் துருத்தியால் காற்றை ஊதினார்கள். இரண்டு மணி நேரத்தில் அது தலை தூக்கிப் பார்த்தது. துருத்தியை நிறுத்தியதும் மீண்டும் சாய்ந்தது. மேலும் இரண்டு மணி நேரம் ஊதிய பிறகு எழுந்து நடந்தது. குராரே இதயத்தை நிறுத்திக் கொல்வதில்லை, மூச்சுத் தசைகளை முடக்கியே கொல்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1942இல் கனடாவின் மாண்ட்ரியாலில் ஹரால்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் என்ற மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்த அந்த நஞ்சையே மயக்கமருந்துடன் சேர்த்து நோயாளிக்குக் கொடுத்தார்கள்.

பிழைத்த கழுதைக்கு ஊராலியா என்று பெயரிட்டு, வாட்டர்டன் தம் பண்ணையில் 1839 வரை பராமரித்தார். இறந்த இரண்டுக்கும் பெயர்கூட இல்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

கழுதையிடமிருந்து இவ்வளவு கற்ற மருத்துவம், கழுதையைப் பற்றிக் கற்க நெடுங்காலம் அக்கறை காட்டவில்லை. அதைச் சிறிய குதிரையாகவே நடத்தியது. குதிரைக்குக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் என்ற வலிமருந்தைக் கழுதையின் உடல் மிக விரைவாக வெளியேற்றிவிடுவதால், குதிரைக்குரிய இடைவெளியில் கொடுத்தால் வலி அடங்காது. வலியை அது வெளிக்காட்டுவதும் குறைவு. குதிரையைப் போல உருண்டு புரளாமல் தலையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும் கழுதையைச் சோம்பேறி என்று அடிக்கிறோம். அது தீவிர வயிற்றுவலியாக இருக்கலாம். இரை எடுக்காமல் இருந்தால் உடற்கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுத்து உயிரையே பறிக்கும். துணைக் கழுதையைப் பிரிந்த ஏக்கமே அதைத் தூண்டிவிடலாம். ஆகவே கழுதையை மருத்துவமனைக்குக் கொண்டுவருபவர்களிடம் அதன் துணையையும் கூட்டிவரச் சொல்வது சலுகை அன்று, சிகிச்சையின் பகுதி. இதைக் கால்நடை மருத்துவ மாணவர்களுக்குக் குதிரைப் பாடத்தின் ஓரக்குறிப்பாக அல்லாமல், தனிப் பாடமாகவே கற்பிக்க வேண்டும்.