முதுகு எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் சொல்லுங்கள்!

“பிடிஎஃப் அனுப்புங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

புத்தகங்களுக்குப் பக்கமும் அட்டையும் வடிவமைக்கிறவன் நான். டிஜிட்டல் அச்சகத்திலிருந்து இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? உள் ஓரம், அதாவது புத்தகத்தைக் கட்டும் பக்கத்து வெற்றிடம், எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டால் “நார்மலா விடுங்க” என்கிறீர்கள். என்ன தாள், எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) என்றால் “நல்ல பேப்பர்தான்”. முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவே வரும் பட்டை, எவ்வளவு வரும் என்றால் “அரை இஞ்ச் வெச்சுக்கங்க, பைண்டிங்ல சரியாயிடும்”. ஆகாது. பைண்டிங்கில் எதுவும் தானாகச் சரியாகாது. அதுவரை ஒழுங்காகச் செய்ததெல்லாம் கெட்டுப்போவதே அங்கேதான்.

உள் ஓரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது, நூறு பிரதி அடிக்கும் புத்தகத்தை பெரும்பாலும் தைத்துக் கட்டுவதில்லை, பெர்ஃபெக்ட் பைண்டிங்தான். தாள்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தை இயந்திரம் கொஞ்சம் சுரண்டி எடுத்து, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுகிறது. சுரண்டியது போக, பசை பிடித்த இடத்தை ஒட்டித் தாள் வளைந்தே நிற்கும், தட்டையாக விரியாது. 240 பக்கப் புத்தகத்துக்கு உள் ஓரம் 20 மி.மீ. அளவிலாவது இல்லாவிட்டால் வலப்பக்கத்தில் வரியின் முதல் எழுத்தும் இடப்பக்கத்தில் கடைசி எழுத்தும் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். படிப்பவர் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிரிக்கிறார். கொஞ்ச நாளில் பசை விட்டுத் தாள் கையோடு வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இதுவா மரியாதை?

சரி, நீயே 20 விட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விடுகிறேன். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு இடது பக்கம், இரட்டைப்படைக்கு வலது பக்கம் என்று பார்த்துப் பார்த்து விடுகிறேன். அச்சகத்தில் யாரோ, பக்கத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் ‘ஃபிட் டு பேஜ்’ போட்டு, எல்லாப் பக்கத்தையும் நட்டநடுவில் வைத்து அடித்துவிடுகிறார். நான் விட்ட ஓர அளவே மாறிவிடுகிறது. பக்கம் 97 சதவீதமாகச் சுருங்கினால் 11 பாயின்ட் எழுத்து 10.7க்கு வந்துவிடும். கேட்டால், “மெஷின் ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்குச்சு சார்.” மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தப் பெட்டியில் ஒருவர் டிக் செய்தார்!

தமிழில் இந்த ஓரக் கணக்குக்கு இன்னும் கனம் அதிகம். நம் சொற்கள் நீளமானவை. சந்தி சேர்ந்து, விகுதி சேர்ந்து ஒரே சொல் பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும். டெமி 1/8, அதாவது சுமார் 5.5க்கு 8.5 அங்குலப் பக்கத்தில் வரியின் அகலம் ஐந்து மில்லிமீட்டர் குறைந்தாலே சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அதைச் சரிசெய்தால் பக்கங்கள் நகரும், பொருளடக்கத்தில் எண்கள் மாறும், அத்தியாயத் தலைப்பு பக்கத்தின் அடியில் போய் உட்காரும். அதனால்தான் ஓர அளவை முதல் நாளே கேட்கிறேன். வேலை எல்லாம் முடிந்த பிறகு “இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குடுங்க” என்பது, மொத்தப் புத்தகத்தையும் மறுபடி செய் என்று சொல்வதுதான்.

முதுகுக் கதை இதைவிட மோசம். 240 பக்கம் என்றால் 120 தாள். ஒரு தாளின் தடிமன் 0.09 மி.மீ. என்றால் முதுகு 10.8 மி.மீ. அதுவே கொஞ்சம் உப்பலான தாள், 0.12 என்றால் 14.4. ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். தாள் எதுவென்று தெரியாமல் அதை எப்படிப் போடுவது? சில சமயம் தாளைச் சொல்லிவிட்டு, ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு தாளில் அடிக்கிறார்கள். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழுக்கி வந்து நிற்கிறது. சேமிப்புப் பணத்தைப் போட்டு முதல் புத்தகம் கொண்டுவருகிறவர் அந்தப் பிரதியைக் கையில் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிறவன் நான். அச்சகத்துக்காரர் பார்ப்பதில்லை.

எழுத்துரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். “ஓப்பன் ஃபைல் குடுங்க, நாங்களே மாத்திக்கறோம்” என்று, திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பு இல்லாமல் யூனிகோட் தமிழ் ஒழுங்காக உட்காராது. புதிதாக ஒரு பத்தியை ஒட்டி, அதை மாற்றாமல் விட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘கொ’வும் ‘கே’யும் உடைந்து கிடக்கும். எழுத்துருவைப் பதித்த பிடிஎஃபில் இந்த வம்பே இல்லை.

லேஅவுட் செய்கிறவர்களிலும் சிலர் வாட்ஸ்அப்பில் தெளிவு குறைந்து வந்த படத்தை அப்படியே வைக்கிறார்கள், அட்டைக்கு 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே கூடுதலாக நீளும் அச்சு, விடாமல் அனுப்புகிறார்கள். அது தவறுதான். அதற்காக, கேட்டுச் செய்கிறவனுக்கும் பதில் சொல்லாமல் இருப்பது என்ன நியாயம்?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. ஆஃப்செட்டில் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடிக்க முடியாது என்றால் புரிகிறது. பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும், மெஷினை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது. ஒரு பிரதி அடித்து, பைண்ட் செய்து, ஓரம் வெட்டி, கையில் கொடுக்க முடியும். இந்த முறையின் பெரிய வசதியே அதுதான். அதைக் கேட்டால் உதிரித் தாளாக நான்கு பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அதில் உள் ஓரம் தெரியுமா, முதுகு தெரியுமா? மாதிரிக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். டிசம்பர் வந்துவிட்டால் இதைக் கேட்கவே முடியாது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், “டைம் இல்ல சார்” என்று ஃபோனை வைத்துவிடுவார்கள்.

வெட்டிய பிறகு பக்க அளவு, உள் ஓரம், ப்ளீட், தாளின் பெயர், அதன் தடிமன். இவ்வளவுதான் நான் கேட்பது. ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே அனுப்பலாம். இனி இது கைக்கு வராமல் அட்டைக் கோப்பை நான் தரப்போவதில்லை. வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று என்று எழுத்தாளர் கோபித்துக்கொண்டாலும் சரி, தரப்போவதில்லை.